ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவ

சமையல் புத்தகத்தில் புதுசாக ஒரு காய்கறிப் பக்குவத்தைப் பார்த்ததும் அடுப்பைப் பற்றவைத்தால் முதல் தடவை அநேகமாகச் சொதப்பும். புத்தகத்தில் தப்பு இருப்பது குறைவு. எழுதியவர் வீட்டு டம்ளர் வேறு, அவர் ஊர்த் தண்ணீர் வேறு, அவர் வாங்கிய காயும் வேறு. இந்த மூன்றையும் நம் வீட்டுக்கு மாற்றிக்கொள்கிற வேலை அடுப்படிக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கிடைக்கும் காய்களை வைத்துச் சொல்லியிருக்கிறோம்.

எந்தப் பக்கத்தைத் திறப்பது

புத்தகத்தில் ஒரு பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு அதற்கான காயைத் தேடி அலைய வேண்டாம். முதலில் உழவர் சந்தைக்கோ தெருமுனைக் கடைக்கோ போய் அன்றைக்கு எது இளசாக இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அகராதியில் அந்தக் காயைத் தேடுங்கள். இங்கே வாழையும் கத்தரியும் புடலையும் பீர்க்கும் ஆற்றங்கரைக் கொல்லைகளிலிருந்து காலையில் பறித்து வருகின்றன. கேரட், பீன்ஸ், கோஸ், காலிஃபிளவர் போன்ற 'இங்கிலீஷ் காய்' மலையிலிருந்து இறங்கி, லாரி ஏறி வந்தவை. வாடின பீன்ஸை வைத்துப் புதுச் செய்முறையைச் சோதித்தால், ருசி இல்லாததற்குக் காரணம் காயா செய்முறையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதே காரணத்துக்காக இன்னொன்று: காயும் புதுசு, செய்முறையும் புதுசு என்று இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். பழகின காயில் புது முறை, இல்லை பழகின முறையில் புதுக் காய். விருந்தாளி வருகிற நாளும் அமாவாசையும் இதற்கு வேண்டாம்.

பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் கடைசி வரி வரை படியுங்கள். வேலையெல்லாம் பொருள் பட்டியலுக்குள்தான் ஒளிந்திருக்கும். 'ஊறவைத்த கடலைப்பருப்பு' என்று ஒரு சொல் இருந்தால் அது இரண்டு மணி நேரம். 'வேகவைத்த துவரம்பருப்பு ஒரு கப்' என்பதும் 'துவரம்பருப்பு ஒரு கப், வேகவைக்கவும்' என்பதும் ஒன்றல்ல. ஒரு கப் பச்சைப் பருப்பு வெந்தால் இரண்டரைக் கப் ஆகும். கூட்டு களியாகிப் போவதற்கு இந்த ஒரு வரியே போதும்.

பெயரில் வரும் குழப்பம்

தமிழ்ப் புத்தகமாகவே இருந்தாலும் ஊருக்கு ஊர் காயின் பெயர் மாறும். நம் பக்கம் பரங்கிக்காய் என்றால் மஞ்சள் சதை உள்ளது, பூசணிக்காய் என்றால் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி. பல புத்தகங்களில் இரண்டுமே 'பூசணி'தான். சர்க்கரை, வெல்லம், பட்டை, சிவப்பு மிளகாய் சேர்கிற கறி என்றால் பெரும்பாலும் பரங்கி. மோரும் தேங்காயும் சேர்ந்தால் வெள்ளைப் பூசணி.

சேனையும் கருணையும் அப்படித்தான். யானைக்கால் போல ஒரே உருண்டையாக இருப்பது சேனை, கைப்பிடி அளவில் நீளமாக இருப்பது பிடிகருணை. சில ஊர்களில் சேனையையே கருணை என்பார்கள். சேனையைத் துண்டு போட்டு நேராக வறுக்கலாம். பிடிகருணையை முழுசாக நன்றாக வேகவைத்துத் தோல் உரித்த பிறகுதான் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் தொண்டை பிடுங்கும்.

கீரையில் இன்னும் மோசம். வட இந்தியச் செய்முறையில் வரும் பாலக்கைப் 'பசலைக்கீரை' என்று மொழிபெயர்த்திருப்பார்கள். நம் வீட்டுக் கொல்லையில் படரும் கொடிப்பசலை வேறு, அது வழவழப்பானது. அதை அரைத்துப் பனீரோடு சேர்த்தால் வெண்டைக்காய்ச் சாறு மாதிரி இழுக்கும். பாலக் கிடைக்காவிட்டால் முளைக்கீரையோ அரைக்கீரையோ எடுத்துக்கொள்ளுங்கள், நிறமும் பதமும் நெருங்கி வரும்.

'கொத்தமல்லி 2 டேபிள்ஸ்பூன்' என்று வறுத்து அரைக்கும் பகுதியில் இருந்தால் அது தனியா. கடைசியில் தூவும் இடத்தில் இருந்தால் தழை. 'மிளகாய்த்தூள்' என்றால் தனி மிளகாய்த்தூள். மல்லி சேர்த்து மில்லில் அரைத்து வைத்திருக்கும் குழம்பு மிளகாய்த்தூளைப் போட்டால் எல்லாக் கறியும் வத்தக்குழம்பு வாசம்தான் அடிக்கும்.

அளவு

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். புத்தகத்துக் கப் வழக்கமாக 240 மி.லி.; ஆஸ்திரேலியப் புத்தகமானால் 250. மின்சார ரைஸ் குக்கரோடு வருகிற கப் 180. வீட்டு எவர்சில்வர் டம்ளர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் காலி டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மி.லி. அந்த எண்ணை டம்ளரின் அடியில் ஆணியால் கீறிவைத்துவிட்டால் அப்புறம் கவலையே இல்லை. டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15. காப்பி கலக்குகிற கரண்டி இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கும், அதை நம்ப வேண்டாம்.

உப்பு: தலை தட்டிய ஒரு டீஸ்பூன் பொடியுப்பு சுமார் 6 கிராம். அரைக் கிலோ காய்ப் பொரியலுக்கு அது சரியாக இருக்கும். வேதாரண்யத்துக் கல்லுப்பு புழங்குகிற வீடானால் கரண்டி அளவு பொருந்தாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் குறைவாகவே பிடிக்கும். எடை போட்டுப் போடுங்கள், அல்லது கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். அடியில் மணலும் தங்கிவிடும்.

புளியைப் புத்தகங்கள் உருண்டையாகச் சொல்லும். எலுமிச்சம்பழ அளவு என்றால் ஏறக்குறைய 30 கிராம், நெல்லிக்காய் அளவு 10 முதல் 15, கோலிக்குண்டு அளவு 5. பங்குனியில் வாங்கின புதுப்புளியானால் சொன்னபடி போடலாம். ஒரு வருஷம் தாண்டிக் கறுத்துப்போன பழம்புளியானால் முக்கால் பங்கு போதும், குழம்பின் நிறமும் கறுக்கும்.

மிளகாயை எண்ணிக்கையில் சொல்கிற புத்தகத்தை அப்படியே கேட்கக் கூடாது. காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன் என்பது நிறத்துக்காக. நம் நீட்டு மிளகாய்த்தூள் என்றால் முக்கால் டீஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள்.

பாட்டி காலத்துப் புத்தகம் கையில் இருந்தால் அதில் பலமும் வீசையும் ஆழாக்கும் வரும். மெட்ரிக் அளவு கட்டாயமாகிற 1960-களின் தொடக்கம் வரை அதுதான் கணக்கு. ஒரு பலம் 35 கிராம். 8 பலம் ஒரு சேர், 280 கிராம். 40 பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. முகத்தலில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. படியே ஊருக்கு ஊர் கூடும் குறையும் என்பதால் ஆழாக்கை மி.லி.யில் அடித்துச் சொல்வது வீண். படியில் எட்டில் ஒரு பங்கு என்ற விகிதத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் கறி தப்பாது. 'கத்தரிக்காய் அரை வீசை' என்றால் 700 கிராம். அது கூட்டுக்குடும்பத்துக்கு எழுதியது. நாலு பேருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும்.

ஆனால் அளவைக் குறைக்கும்போது எல்லாமே மூன்றில் ஒன்றாகக் குறையாது. காய், பருப்பு, உப்பு, காரம் குறையும். தாளிக்கிற எண்ணெயைப் பாதிக்குக் கீழே கொண்டுபோனால் கடுகு வெடிக்காமல் கருகும். தண்ணீரும் அப்படி. ஆவியாவது வாணலியின் வாய் அகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது, காயின் எடையை அல்ல. மூன்றில் ஒரு பங்கு காய்க்குப் பாதித் தண்ணீர் வைத்துத் தொடங்குங்கள், பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் இருக்கட்டும்.

தண்ணீர், பாத்திரம், புளி

பருப்பு வேகவில்லை என்றால் பருப்பைத் திட்டுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் காயின் நாரையும் இறுக்கிவிடும். புத்தகம் 20 நிமிஷம் என்று சொல்வது நல்ல தண்ணீருக்கு. சமைக்க மட்டுமாவது குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புளி, தக்காளி, தயிர், எலுமிச்சை எல்லாம் காய் வேகிறதைத் தடுக்கும். புத்தகம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடச் சொன்னாலும், முருங்கை, அவரை, கொத்தவரை, பரங்கி இவற்றை முக்கால் பதம் வேகவிட்டுப் பிறகு புளியை ஊற்றுங்கள். பச்சை நிறமும் புளி பட்டால் மங்கிப்போகும். அதற்காக ஆப்ப சோடா போடச் சொல்லும் பழைய குறிப்புகளைத் தாண்டிப் போய்விடுங்கள். நிறம் நிற்கும், காய் கொழகொழவென்று ஆகிவிடும்.

எதிர்மாறான இடமும் உண்டு. வெண்டைக்காயிலும் சேப்பங்கிழங்கிலும் புளிப்பு வழவழப்பை முறிக்கும், அதனால் முன்னாலேயே ஒரு கரண்டி புளித்தண்ணீரோ மோரோ தெளிக்கலாம். பிடிகருணையைக் கழுநீரிலோ புளித்தண்ணீரிலோ வேகவைப்பது அதன் அரிப்புக்காக. வெண்டைக்காயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்க வேண்டும். மூடி போடக் கூடாது. உப்பு கடைசி ஐந்து நிமிஷத்தில். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் நூலாக இழுக்கும்.

பாத்திரத்தில் ஒரே எச்சரிக்கை. கும்பகோணத்துப் பித்தளை உருளி அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் புளியோ தயிரோ ஊற்றக் கூடாது, களிம்பு இறங்கும். இரும்பு வாணலி வறுவலுக்குத் தங்கம். வாழைப்பூ, வாழைக்காய் போன்ற துவர்ப்புள்ள காயை அதில் வேகவைத்தால் கறுத்துப்போகும்.

குக்கர் செய்முறையை விசில் எண்ணிக்கையில் பின்பற்றுவதும் ஆபத்து. ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு வேகத்தில் கூவும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நேரம் பார்த்து இறக்குங்கள்.

ஒரு கறி, முழுசாக

இதையெல்லாம் ஒரே கறியில் பார்க்க, வங்காளத்து வாழைப்பூக் கறியைத் தேர்ந்திருக்கிறோம். அவர்கள் இதை 'மோச்சார் கொண்டோ' என்பார்கள். மோச்சா என்றால் வாழைப்பூ. கங்கையின் கழிமுகத்திலும் நம் காவிரிக் கழிமுகத்திலும் வாழை ஒன்றுதான், கைப்பக்குவம்தான் வேறு. காய் நமக்குப் பழகினது என்பதால் முதல் சோதனைக்கு ஏற்றது. வங்காளத்தில் இறால் சேர்த்தும் செய்வார்கள். இங்கே சொல்வது சைவம்.

நாலு பேருக்கு வேண்டியவை:

சுத்தம் செய்து நறுக்கிய வாழைப்பூ 250 கிராம் (நடுத்தரப் பூ ஒன்று)
உருளைக்கிழங்கு 150 கிராம்
தேங்காய்த் துருவல் 4 டேபிள்ஸ்பூன்
இஞ்சி ஒரு அங்குலத் துண்டு
சீரகம் அரைக்க 1 டீஸ்பூன், தாளிக்க அரை டீஸ்பூன்
பிரிஞ்சி இலை 1, காய்ந்த மிளகாய் 1
மஞ்சள்தூள் முக்கால் டீஸ்பூன், தனி மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன்
சர்க்கரை 1 டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன்
எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், நெய் 1 டீஸ்பூன்
ஏலக்காய் 2, கிராம்பு 2, பட்டை சிறு துண்டு, மூன்றையும் பொடித்தது

எண்ணெய்தான் முதல் கேள்வி. அவர்கள் ஊற்றுவது கடுகெண்ணெய். அதைப் புகை வரக் காய்ச்சி, தீயை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி சூடாக்கித்தான் தாளிக்க வேண்டும்; இல்லாவிட்டால் மூக்கில் ஏறும். கிடைக்கவில்லை என்றால் கடலை எண்ணெய். நல்லெண்ணெயும் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அப்போது அது தஞ்சாவூர் வாழைப்பூப் பொரியலுக்குச் சித்தப்பா மகன் ஆகிவிடும்.

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பூவை ஆயுங்கள், கறை ஒட்டாது. ஒவ்வொரு பூவிலும் கள்ளனையும் (நடுவே நீட்டிக்கொண்டிருக்கும், நுனி தடித்த நரம்பு), அடியில் இருக்கும் கண்ணாடி போன்ற செதிலையும் எடுக்க வேண்டும். இரண்டும் எத்தனை வேகவைத்தாலும் வேகாது. உள்ளே போகப்போகப் பூ சிறுத்து வெளுத்துவிடும். அந்தக் கொண்டையை அப்படியே நறுக்கலாம். நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். காற்றுப் பட்டுக் கறுப்பதை மோரின் புளிப்பு தடுக்கிறது. வங்காளப் புத்தகங்கள் மஞ்சள் போட்ட தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடச் சொல்லும். நம் மோர்த்தண்ணீரில் அரை மணி நேரம் போதும்.

பூவைப் பிழிந்து எடுத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் மூழ்கும் அளவு புதுத் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள், கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து 10 முதல் 12 நிமிஷம் வேகவிடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் நசுங்க வேண்டும். தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். துவர்ப்பு அதோடு போய்விடும். ஆறியதும் நன்றாகப் பிழிந்து, கரண்டியால் லேசாக மசியுங்கள். இந்தக் கட்டத்தில் பிழியாமல் விட்டால் கறி கடைசி வரை சொதசொதவென்றுதான் இருக்கும், எத்தனை நேரம் சுண்டவிட்டாலும் சரி.

உருளைக்கிழங்கைச் சுண்டுவிரல் அகலத் துண்டுகளாக்கி, கால் டீஸ்பூன் மஞ்சள் பிரட்டி, எண்ணெய் முழுவதையும் வாணலியில் ஊற்றி, பொன்னிறமாக வறுத்து எடுத்து வையுங்கள். உள்ளே முக்கால் பதம் வெந்தால் போதும். வறுக்காமல் பச்சையாகச் சேர்த்தால் பூ குழைந்த பிறகும் கிழங்கு கடுக்கென்று நிற்கும்.

மீதி எண்ணெயில் பிரிஞ்சி இலை, மிளகாய், சீரகம் தாளித்து, தீயைக் குறைத்து, இஞ்சி சீரக விழுதையும் மிச்ச மஞ்சளையும் மிளகாய்த்தூளையும் போடுங்கள். விழுது வாணலியில் ஒட்டும். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, பச்சை வாசம் போய் எண்ணெய் ஓரத்தில் மினுங்கும் வரை வதக்குங்கள். இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். இங்கே அவசரப்பட்டால் கறி முழுக்க இஞ்சி நெடி அடிக்கும். இனி பூ, மீதி அரை டீஸ்பூன் உப்பு, சர்க்கரை. ஐந்து நிமிஷம் கிளறிவிட்டுத் தேங்காய், வறுத்த கிழங்கு, கால் கப் வெந்நீர். மூடி போட்டு ஐந்து நிமிஷம் சின்னத் தீயில். தண்ணீர் வற்றி, கரண்டியில் எடுத்தால் உருண்டு விழுகிற பதம் வந்ததும் நெய்யும் பொடித்த மசாலாவும் போட்டு இறக்கி, பத்து நிமிஷம் மூடியே வையுங்கள். மசாலாவை முன்னாடியே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசம் பறந்துவிடும்.

சர்க்கரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முதல் தடவை அதை விட்டுவிடவும் வேண்டாம். மிச்சமிருக்கும் துவர்ப்பை அடக்குவது அதுதான். சோற்றுக்கு மிளகு ரசத்தோடு இந்தக் கறி நன்றாகப் போகும், வங்காளிகள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

கிடைக்காத காய், இல்லாத ஓவன்

மேல்நாட்டுப் புத்தகத்தில் சுக்கினி வந்தால் இளம் பீர்க்கங்காயையோ விதை முற்றாத சுரைக்காயையோ போடலாம். இரண்டும் சுக்கினியைவிட அதிகமாகத் தண்ணீர் விடும். ஆகவே செய்முறையில் உள்ள தண்ணீரை முதலில் ஊற்றாதீர்கள், உப்பையும் கடைசிக்குத் தள்ளுங்கள். பட்டாணி, பீன்ஸுக்குப் பதில் இளம் அவரை பொருந்தும். காளானுக்கு மாற்று என்று ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

ஓவனில் 200 டிகிரியில் வாட்டச் சொல்லும் காயை இரும்பு தோசைக்கல்லில் செய்யலாம். கல்லை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் பிரட்டிய துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பரப்பி, மூன்று நான்கு நிமிஷம் தொடாமல் விட்டு, புரட்ட வேண்டும். கல் நிறையக் கொட்டினால் காய் வாடாமல் தன் தண்ணீரிலேயே வேகும். காலிஃபிளவரைப் புழுவுக்காக உப்பு, மஞ்சள் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டால், பிறகு துணியில் பரப்பி முழுக்க உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் சிவக்காது.

கை தவறினால்

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டு எடுக்கச் சொல்வார்கள். கிழங்கு சாற்றைத்தான் உறிஞ்சும், உப்பை மட்டும் தனியாக இழுக்காது. உப்பில்லாமல் வெந்த பாசிப்பருப்பையோ தேங்காய் அரைத்ததையோ சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி. புளிப்புக்கும் அதே மருந்து. வெல்லம் புளிப்பை மறைக்கும், குறைக்காது. கூட்டு நீர்த்துப்போனால் ஒரு டீஸ்பூன் அரிசிமாவை இரண்டு ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி விடுங்கள். மோர்க்கூட்டு திரிந்துவிட்டால் சரிசெய்ய முடியாது. அடுத்த தடவை தயிரில் முன்கூட்டியே அந்த அரிசிமாவைக் கரைத்துக்கொண்டு, ஓரத்தில் நுரை கூடினதும் இறக்கிவிடுங்கள். உசிலி பிசுபிசுத்தால் பருப்பை மைய அரைத்திருப்பீர்கள், அல்லது அரைக்கும்போது தண்ணீர் விட்டிருப்பீர்கள். ஆவியில் வெந்ததை முழுக்க ஆறவிட்டு உதிர்த்தால் பாதியாவது தேறும்.

சாப்பிட்டு முடித்த கையோடு, புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்: தேதி, காய் எந்தக் கடையில் வாங்கியது, புத்தகம் சொன்ன நேரம், நம் அடுப்பில் ஆன நேரம், உப்பு காரம் எப்படி. மறுதடவை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். காரத்தையும் எண்ணெயையும் வேகும் நேரத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் நன்றாக வந்தது என்று தெரியாமலேயே போய்விடும். பேனா வேண்டாம்; மூன்றாவது தடவையில் அழித்து எழுத வேண்டியிருக்கும்.

மிஞ்சினால் பார்த்து வையுங்கள். தேங்காய் பச்சையாக அரைத்து விட்ட கூட்டு சித்திரை, வைகாசியில் மதியம் வெளியே வைத்தால் ராத்திரிக்குத் தாங்காது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்ததும் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள். மோர்க்கூட்டை மட்டும் கொதிக்கவிடாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள்.